கரும்பு வர்க்கப் பரிசோதனை: பாத்தியை எவ்வளவு பெரிதாக வைப்பது?

பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாய இறங்கி, புத்தள பக்கம் திரும்பினால்தான் நமக்குக் கரும்பே கண்ணில் படும், மேலே எல்லாம் தேயிலைதான். ஆனாலும் விவசாயம் படிக்கிற நம்ம பிள்ளைகள் நாளைக்கு உடவளவ கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனால், புதுக் கரும்பு வர்க்கங்களை (ரகங்களை) ஒப்பிட்டுப் பார்க்க நடுகிற "பாத்தி எத்தனை மீற்றர்?" என்ற கேள்வியில் முழிக்கக் கூடாது.

1. எந்தக் கட்டம் என்று பாருங்கள்

விதையிலிருந்து வந்த நாற்றுகள் ஆயிரக்கணக்கில் நிற்கும்போது பாத்தி என்ற பேச்சே இல்லை. ஒரு நாற்று, ஒரு தூர், பார்த்துக் கழிக்க வேண்டியதுதான். தேறியவற்றில் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) வெட்டி அடுத்து ஒற்றை வரிசையில் நடுவார்கள், ஏனென்றால் கையில் இருக்கிற கரணையே அவ்வளவுதான். கடைசியில் பத்து இருபது வர்க்கம் மிஞ்சும்போதுதான் மீள்செய்கையோடு (ஒரே வர்க்கத்தைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப நடுவது) பல வரிசைப் பாத்தி.

2. வரிசை எண்ணிக்கை

நீளத்தில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். ஒற்றை வரிசையில் நெட்டை வர்க்கத்துக்குப் பக்கத்தில் குட்டை வர்க்கம் மாட்டிக்கொண்டால் வெயிலையும் நீரையும் நெட்டை இழுத்துக்கொள்ளும். குட்டைக்கு இருப்பதைவிடக் குறைவாகவும் நெட்டைக்குக் கூடுதலாகவும் விளைச்சல் காட்டும், ஆக நீங்கள் அளந்தது வர்க்கத்தை அல்ல, அதன் அயலாரை. அதனால் குறைந்தது நான்கு வரிசை நட்டு, ஓர வரிசை இரண்டையும் விட்டுவிட்டு நடு இரண்டை மட்டும் நிறுங்கள்.

3. கணக்குப் போடுங்கள்

வரிசை இடைவெளி 1.5 மீற்றர், நீளம் 8 மீற்றர் என்று வையுங்கள். நான்கு வரிசைக்கு 48 சதுர மீற்றர். இரு முனையிலும் ஒவ்வொரு மீற்றர் கழித்தால் நிறுக்கிற இடம் 18 சதுர மீற்றர்தான்! ஆறு வரிசை என்றால் 72-இல் 36, சரிபாதி. ஆனால் 20 வர்க்கம், 4 மீள்செய்கை என்றால் முதலாவதற்கு ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் போதும், இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் வேண்டும்.

4. பெரிய பாத்தியா, கூடுதல் மீள்செய்கையா?

பெயர்ஃபீல்ட் ஸ்மித் என்ற புள்ளிவிபரவியலாளர் 1938-இல் காட்டியது இது: பக்கத்துப் பக்கத்து மண் ஒரே மாதிரி இருப்பதால், பாத்தியை இரட்டித்தாலும் பிழை பாதியாகாது. அவருடைய சூத்திரத்தில் மண் குணகம் (அயல் மண் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு) 0.5 என்றால், பாத்திச் சராசரியின் மாறற்றிறன் (எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 100-இலிருந்து 71-க்குத்தான் இறங்கும். அதே நிலத்தை மீள்செய்கைக்குக் கொடுத்தால் 50-க்கு வந்துவிடும். ஓர வரிசைத் தொல்லை தீர்ந்த பிறகு பாத்தியை மேலும் பெருப்பிப்பது, என் பார்வையில், வீண்.

5. தொகுதியை எப்படிப் போடுவது

நம்ம தேயிலை மலையிலேயே பாருங்கள், மேல்தட்டில் மண் கழுவிப்போய்க் கொழுந்து கம்மி, அடிவாரத்தில் செடி செழிப்பு. கரும்பு நிலம் இவ்வளவு சரிவில்லை, ஆனாலும் வளம் மாறும் திசை ஒன்று இருக்கும். ஒரே வளமுள்ள பட்டையில் ஒரு தொகுதி (எல்லா வர்க்கமும் ஒவ்வொரு முறை வரும் பாத்திக் கூட்டம்) முழுவதும் அடங்கட்டும், உள்ளே வர்க்கங்களை எழுமாறாகப் போடுங்கள்.

6. நிறுக்கும்போது

18 சதுர மீற்றரில் 10 கிலோ பிசகினால் ஹெக்டயருக்கு ஐந்தரைத் தொன் பிசகும். அப்புறம், பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பளவு) பார்க்க நடு வரிசையில் வெட்டிய கரும்பையும் மறக்காமல் தராசில் சேர்த்துவிடுங்கள்.