சிறு காப்பித் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கீழ்ப்பழனி மலையை முன்வைத்து

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் ஆகிய ஊர்களைச் சுற்றி இரண்டு மூன்று ஏக்கரில் அரபிகா காப்பி வைத்திருப்போர் பலர், விளைச்சல் குறைந்ததும் முதலில் குறை காண்பது நிழல் மரத்தில்தான். மரம் அடர்ந்திருப்பதால் பூ குறைகிறது என்று எண்ணி, சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக வெட்டி விற்றுவிடுகிறார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் காய்ப்பு கூடுவதும் உண்மைதான் என்பதால், செய்தது தவறு என்றே தோன்றுவதில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வருகிறது.

இந்த வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் மீண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறந்து, வெயில் படும் செடிகளின் தண்டுப் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். நிழல் கலைந்த தோட்டம் அதற்கு நாமே வைக்கும் அழைப்பு. பொரிந்த புழு பல மாதங்கள் தண்டுக்குள்ளேயே குடைந்து வாழ்வதால், இலை மஞ்சளித்து வாடும்போது மருந்தடிப்பது வீண் செலவு. தண்டில் வளையம்போல் மேடு தட்டியிருக்கிறதா என்று மார்ச்சிலும் செப்டம்பரிலும், அதாவது வண்டு வெளிவருவதற்கு முன்பே, ஒவ்வொரு செடியாகப் பார்த்து, தாக்குண்டவற்றை அகற்ற வேண்டும். புழு வேர்வரை இறங்கியிருந்தால் தூரோடு பெயர்த்தெடுப்பதே முறை.

அப்படி அகற்றியவர்களும் கடைசியில் ஒரு தவறு செய்கிறார்கள். வெட்டிய தண்டுகளை விறகுக்கு ஆகும் என்று வீட்டோரம் அடுக்கி வைக்கிறார்கள். உள்ளிருக்கும் புழு அங்கேயே வண்டாகி மீண்டும் தோட்டத்துக்குள் பறந்துவிடுகிறது. உடனே எரித்துவிட வேண்டும். இயலாவிட்டால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நீரில் அமிழ்த்தி வைத்த பிறகே விறகாக்கலாம். எஞ்சிய செடிகளின் உரிந்த பட்டையைத் தேய்த்து நீக்கி, 200 லிட்டர் நீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு என்ற அளவில் கரைத்துத் தண்டிலும் தடித்த கிளைகளிலும் பூசுவது நல்ல காப்பு. இதற்குப் பூச்சிக்கொல்லிக் கடைக்குப் போகவே தேவையில்லை.

நிழலே வேண்டும் என்பதற்காகச் சில்வர் ஓக்கை மட்டும் நெருக்கமாக நடுவதும் சரியல்ல. மிளகுக் கொடிக்கு அது ஏற்ற மரம், மரவிலையும் கிடைக்கும். ஆனால் பலா, அத்தி இன மரங்கள், முள்முருங்கை எனக் கலந்திருக்கும் தோட்டத்தில் உதிரும் இலை மண்ணுக்கு உரமாகிறது. நிழலும் ஒரே சீராக இருக்கிறது. மரத்தை வெட்டுவதற்கும் கிளை கழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூலி ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சிக்கமகளூர்ப் பக்கத்து வேலை அட்டவணையை அப்படியே பின்பற்றுவது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பிழை. அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. கீழ்ப்பழனியிலோ வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. நிழல் கழிப்பது, உரமிடுவது, மருந்தடிப்பது ஆகிய மூன்றும் மழையை ஒட்டியே அமைய வேண்டியவை. ஆகவே அங்கு பொருந்தும் மாதம் இங்கு பொருந்தாமல் போகலாம். கன மழைக்குச் சற்று முன்பு இட்ட உரம் ஓடையில்தான் சேரும். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும்போது, கேட்டுத் தெரிந்துகொள்ளாதிருப்பது நம் சோம்பல்தான்.

இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் தென்பட்டு, அந்நாட்டின் காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. அதற்கு இன்றும் எளிய காப்பாக உள்ள போர்டோ கலவை, நோய் வருமுன் இலையில் படிந்திருந்தால்தான் பயன் தரும். இலையின் அடிப்பக்கத்தை விட்டுவிட்டு மேற்புறத்தில் மட்டும் தெளிப்பது வழக்கமான குறை. ஒரு கிலோ மயில் துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, 200 லிட்டராகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் கத்தியை முக்கி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும்.

நாற்று நடும்போது ஆணிவேர் மடங்காமல் பார்த்துக்கொள்வதும், அறுவடைக்குப் பின் கவாத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் எல்லோரும் அறிந்தவையே என்பதால் இங்கு விரிக்கவில்லை.

பழம் பறிப்பதில் அவசரம்தான் பெரிய எதிரி. கூலியை மிச்சப்படுத்த ஒரே நாளில் கொப்பு முழுவதையும் உருவினால், பச்சைக்காயும் பழமும் கலந்து, பழத்தோல் உரிக்கும் எந்திரமான பல்பரில் சரியாக உரியாமல் தரம் கெடுகிறது. செடியிலும் தரையிலும் விட்டுப்போகும் பழங்களில்தான் காய்த் துளைப்பான் என்னும் வேறொரு வண்டு அடுத்த பருவம்வரை உயிர் வாழ்கிறது. இந்தியாவில் அது 1990இல் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. பறிக்கும்போது அடியில் படுதா விரிப்பதும், உதிர்ந்ததைப் பொறுக்குவதும் கூடுதல் வேலைபோல் தோன்றினாலும், விட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக் காயில் அதைவிட அதிகம் இழக்க நேரும்.

பறித்த பழத்தை அன்றே உரித்துவிட வேண்டும். சாக்கில் கட்டி இரவு முழுவதும் வைத்தால் உள்ளேயே புளித்து, கெட்ட வாடை கொட்டையில் ஏறிவிடும். இங்கு அறுவடையின் தொடக்கத்தில் மழை இன்னும் விட்டிருக்காது என்பதால், உலர்களம் இல்லாதவர்கள் வெறும் தரையில் பரப்பி மண்வாடை ஏற்றிவிடுகிறார்கள். மூங்கில் தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் மூடி, ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்த வேண்டும். உலர்ந்த பிறகு அதைப் பழைய உரச் சாக்கில் கொட்டக் கூடாது. காப்பி எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், புதுச் சணல் சாக்கில் நிரப்பி, சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.