ஸ்லோ குக்கிங்க்கு எந்த பீஃப் வாங்கணும்? கடையில பாத்து எடுக்குறது எப்படி

மொத தடவ பீஃப் ஸ்டூ வைக்கலாம்னு கடைக்குப் போய், "அண்ணா எலும்பு வேணாம், கொழுப்பு வேணாம், நல்ல சாஃப்ட்டா ஒரு கிலோ குடுங்க"ன்னு கேட்டேன். அவரும் நான் கேட்ட மாதிரியே அண்டர்கட் குடுத்தாரு, அதாவது முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்குற, அதிகம் வேலை செய்யாத சதை, கடையில இருக்குறதுலயே விலை கூடுன கறி. மூணு மணி நேரம் சிம்ல வச்சு தொறந்தா கறி சக்கையா நார் நாரா வருது, குழம்பு தண்ணியா ஓடுது. அன்னிக்கு நான் கேட்டதே தப்பு. மெதுவா வேக வைக்கிற சமையலுக்கு மாடு எந்த இடத்துக்கு அதிகமா வேலை குடுக்குதோ அந்த இடத்துக் கறிதான் வேணும், அதாவது நடக்குற கால், மெல்லுற கன்னம், தலைய தாங்குற கழுத்து, தோள், நெஞ்சு.

அங்கதான் கொலாஜன் நிறைய இருக்கும், நாம ஜவ்வுன்னு சொல்றோமே அதுல முக்கால்வாசி இதுதான். சூடு 60 டிகிரி தாண்டுனதும் இது சுருங்கி கறிக்குள்ள இருக்குற தண்ணிய பிழிஞ்சு வெளிய தள்ளும், அதனால கறி ரப்பர் மாதிரி ஆகும். அதுக்கு மேல 80, 90 டிகிரில மணிக்கணக்கா வச்சிருந்தா மெதுவா கரைஞ்சு ஜெலட்டின் ஆயிடும், கறி பூவா உதிர்றதும் குழம்பு உதட்டுல பிசுபிசுன்னு ஒட்டுறதும் அதாலதான். அண்டர்கட்ல கரையறதுக்கு ஒண்ணுமே இல்ல, அது சீக்கிரம் பொரட்டி எடுக்குற கறி.

ஸ்டெப் 1: என்ன செய்யப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

குழம்பு, ஸ்டூ, நிஹாரி (மெதுவா வேக வைக்கிற வடக்கத்திக் கறிக்குழம்பு) மாதிரின்னா முழங்காலுக்குக் கீழ இருக்குற கெண்டைக்கால் கறி. சூப்புன்னா வால், இல்லன்னா நல்லி எலும்போட கால். பெரிய துண்டா வேக வச்சு ஸ்லைஸ் போடணும்னா நெஞ்சுக்கறி, அதுல கொழுப்பும் சேந்து இருக்கும். எதுவும் புரியலன்னா தோள்பட்டைக் கறி வாங்குங்க, பெருசா ஏமாத்தாது.

என் ஓட்டு எப்பவும் கெண்டைக்கால் கறிக்குத்தான். குறுக்கால வெட்டுன துண்ட கையில வச்சுப் பாத்தா, சின்னச் சின்ன சதை உருண்டைங்க நெருக்கமா அடுக்குன மாதிரி இருக்கும், ஒவ்வொண்ண சுத்தியும் கண்ணாடி மாதிரி வெள்ளைக் கோடு ஓடும். பாக்க முரட்டுத்தனமா இருக்கும், பச்சையா இருக்கும்போது கத்திக்கே வழுக்கும், ஆனா மூணு மணி நேரம் கழிச்சு அந்த வெள்ளைக் கோடெல்லாம் இளநீர் வழுக்கை மாதிரி ஆயிருக்கும். கடையில இத பெரும்பாலும் யாரும் விரும்பிக் கேக்குறதில்ல, அதனால காலையிலயே போய் சொல்லி வச்சா எடுத்து வைப்பாங்க.

ஸ்டெப் 2: எல்லா ஜவ்வும் கரையாது

இத யாரும் சொல்லித் தரல, கடிச்சுப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். சதைக்கு நடுவுல ஓடுற வெள்ளை ஜவ்வு கரையும். கழுத்துப் பக்கம் மஞ்சளா, தடியா, இழுத்தா ரப்பர் பேண்ட் மாதிரி திரும்பி வர்ற நார் ஒண்ணு இருக்கும், அது எலாஸ்டின், நாள் முழுக்க அடுப்புல வச்சாலும் அப்படியேதான் இருக்கும். கழுத்துக்கறி வாங்குனா கடையிலயே அத வெட்டி எடுக்கச் சொல்லிடுங்க.

ஸ்டெப் 3: துண்டு பெருசா

ரெண்டு இன்ச்சாவது இருக்கட்டும், எலும்போட இருந்தா இன்னும் நல்லது. பொடிசா வெட்டுனா ஜவ்வு கரையறதுக்குள்ள சதை உதிர்ந்து போயிடும்.

ஸ்டெப் 4: வேக வைக்கிறது

கறிய ஈரம் போகத் தொடச்சு கனமான பாத்திரத்துல நல்லா செவக்க வறுத்துட்டு, வெங்காயம் மசாலா எல்லாம் போட்டு, கறி முக்கால்வாசி மூழ்குற அளவு தண்ணி ஊத்துங்க. மூடி போட்டு அடுப்ப நல்லா கொறைங்க, எப்பவாவது ஒரு குமிழி எட்டிப் பாக்கணும், தளதளன்னு கொதிக்கக் கூடாது, கொதிச்சா சதை வறண்டுடும். கெண்டைக்கால் கறிக்கு இரண்டரைல இருந்து மூணு மணி நேரம், வாலுக்கு மூணுக்கு மேலயே ஆகும். எருமைக்கறியா இருந்தாலோ வயசான மாடா இருந்தாலோ இன்னும் ஒரு மணி நேரம் கூட போகலாம், ஏன்னா வயசாக வயசாக கொலாஜன் இறுகிப் போயிடும். நேரம் இல்லாதவங்க குக்கர்ல மொத விசில் வந்ததும் சிம்ல 45 நிமிஷம் வைங்க, உள்ள 120 டிகிரி கிட்ட போறதால சீக்கிரம் கரையும்.

ஸ்டெப் 5: வெந்துருச்சான்னு பாக்குறது

ஒன்றரை மணி நேரத்துல கடிச்சுப் பாத்துட்டு "அய்யோ ஓவரா வெந்து கல்லாயிடுச்சே"ன்னு அடுப்ப அணைச்சுடாதீங்க, புதுசா செய்றவங்க நெறைய பேரு இங்கதான் விடுறாங்க. அது பாதி வழி, ஜவ்வு சுருங்கி நிக்குது, இன்னும் கரையல. கொஞ்சம் சுடுதண்ணி விட்டு மறுபடி மூடிடுங்க. ஃபோர்க்க குத்தி லேசா திருப்புனா கறி தானா பிரியணும், அப்பதான் இறக்கணும்.

மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலையில குழம்பு கட்டியா, தட்டுனா ஆடுற மாதிரி இருக்கும், கெட்டுப் போச்சுன்னு கொட்டிடாதீங்க. நேத்து கரைஞ்ச ஜவ்வுதான் அது, அடுப்புல வச்சா ரெண்டு நிமிஷத்துல இளகிடும், ஆப்பம் ஊத்த ஆரம்பிச்சுடலாம்.