அதட்டாமல் வகுப்பு நடத்துவது எப்படி? தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

திருநெல்வேலி கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் நிறைய. ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறை, நான்கும் ஐந்தும் இன்னோர் அறை. ஒன்றாம் வகுப்புக்கு நீங்கள் எழுத்து சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், இவன் என்னையக் கிள்ளுதான்!"

பிரம்பு தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டுக்கால் போட வைப்பதும், "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அதில் சேர்த்திதான். சட்டத்தை விடுங்கள். அடி வாங்கிய பிள்ளைக்கு எதைச் செய்யக்கூடாது என்று தெரியும். அதற்குப் பதில் எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனா ஆவன்னா மாதிரி அதையும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

படி 1: மூன்று விதிகள், நிறையப் பயிற்சி

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். விதி மூன்றுக்கு மேல் போக வேண்டாம். "ஒருவர் பேசினால் மற்றவர் கேட்போம். கையும் காலும் நம்மிடமே இருக்கும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்போம்." இதில் 'கூடாது' என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" என்பது ஏழு வயதுக்குச் சட்டென்று புரியும்.

எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும். குழாயடியில் வரிசையில் நிற்பது, தட்டு கழுவப் போவது, செருப்பை வெளியே அடுக்குவது, ஒவ்வொன்றையும் விளையாட்டுபோல நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 2: அமைதிக்கு ஒரு கைத்தட்டல்

ஒரு தாளத்தில் நீங்கள் தட்டினால், அவர்கள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டிவிட்டு உங்களைப் பார்க்க வேண்டும். வகுப்பு அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள். அறையே அவயம் போடும்போது புதிதாக அறிமுகப்படுத்தினால் எடுபடாது.

படி 3: கரும்பலகையில் யார் பெயர்?

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. நாம் வெளியே போகும்போது லீடரைக் கூப்பிட்டு "பேசுறவங்க பேரை எழுது" என்போம். திரும்பி வந்தால் பலகையில் வழக்கமான நாலு பெயர்கள், சிலவற்றுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள். சேட்டை செய்தால்தான் பலகையில் ஏறலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிறது. லீடருக்கும் அதில் கெட்ட பெயர், சில சமயம் பழிவாங்கலும் நடக்கும்.

அந்தப் பட்டியலைத் தலைகீழாக்குங்கள். "யார் யாருக்கு உதவினார்கள் என்று எழுது" என்று சொல்லுங்கள். வாரம் முடிவதற்குள் எல்லாப் பெயரும் ஒருமுறையாவது வந்ததா என்று நீங்களே சரிபாருங்கள். வராத பிள்ளையிடம் நல்லதைத் தேடிப் பிடிக்க வேண்டியது நம் பொறுப்பு.

பாராட்டும் குறிப்பாக இருக்கட்டும். வெறும் "வெரி குட்" காற்றோடு போய்விடும். "குழாயடியில் தள்ளாமல் நின்றாய், அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் தண்ணீர் பிடித்தாள்" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளும் அப்படியே நிற்பான்.

மிட்டாய், ஸ்டார் எல்லாம் அளவோடு போதும். அமெரிக்காவில் 1973இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. விரும்பிச் செய்வதற்குக் கூலி கொடுத்தால் விருப்பம் தேய்ந்துவிடுகிறது.

குழுவாக மதிப்பெண் தரலாம். தாமிரபரணி, மணிமுத்தாறு, பச்சையாறு, சிற்றாறு என்று நம் ஆறுகளின் பெயரை வையுங்கள். ஆனால் பிள்ளைகளே ஆள் சேர்க்க விடாதீர்கள். தெருவாரியாகச் சேர்வார்கள், நம் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனை அவனுடன் படித்தவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. அந்தப் பழக்கத்தை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.

படி 4: காரணத்தைத் தேடுங்கள்

ஒரே பிள்ளை திரும்பத் திரும்பச் சேட்டை செய்தால் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. கணக்கு நேரத்தில் மட்டும் என்றால், கணக்குப் புரியவில்லை. பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் என்றால், முதலில் கண் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். காலையில் சிடுசிடுப்பு என்றால் பசியாக இருக்கலாம். காலை உணவு சாப்பிட்டானா என்று பாருங்கள். அம்மா ராத்திரி வெகுநேரம் பீடி சுற்றும் வீட்டில் பிள்ளையும் தூங்கப் பிந்தும்.

பல வகுப்பு அறையில் பெரும்பாலான சேட்டை, வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்களிடமிருந்துதான் வரும். மூலையில் ஒரு கதைப் புத்தகப் பெட்டி வையுங்கள், பாதிப் பிரச்சினை அடங்கும்.

உடம்பில் காயம், திடீர் பயம், வீட்டுக்குப் போக மறுப்பது போன்றவை தெரிந்தால் சேட்டை என்று ஒதுக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழைக்கலாம்.

படி 5: தப்பு நடந்தால்

பக்கத்தில் போய், குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசுங்கள். "இங்கே இருந்து எழுதுகிறாயா, என் பக்கத்தில் வந்து எழுதுகிறாயா?" இரண்டில் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அடுத்தவன் நோட்டைக் கிழித்தவன் பசை எடுத்து ஒட்டிக் கொடுக்கட்டும். "ஸாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவதைவிட இது நல்லது.

படி 6: வீட்டுக்குப் போன்

பள்ளியிலிருந்து போன் என்றாலே பெற்றோர் பதறுகிறார்கள். அதனால் முதல் போன் நல்ல சேதிக்காக இருக்கட்டும். "ரெண்டு கண்ணையும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று நம்மேல் உள்ள நம்பிக்கையில் சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவரிடம் சட்டம் பேச வேண்டாம். "அண்ணாச்சி, அடி வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்க வையுங்க, அது போதும்" என்று ஒரு வேலையைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் பிள்ளைகள் மேளச்சத்தம் காதிலேயே இருக்க, தூக்கக் கண்ணோடு வருவார்கள். அன்றைக்குப் புதுப் பாடம் எடுக்காதீர்கள். கொடையைப் படமாக வரையச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று விதிகளையும் மறுபடி நடித்துப் பார்க்கலாம். காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் நாளுக்கும் இதே திட்டம்தான்.