ஜென்செட் ஓடுது, சர்வர் நிக்குது: பேக்கப் பவரை முழுசாகச் சோதிப்பது எப்படி?

சனிக்கிழமை காலையில் பட்டனை அழுத்தி, ஜென்செட்டை (டீசல் ஜெனரேட்டரை) ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நோட்டில் ‘ஓகே’ என்று எழுதிவிடுவதுதான் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பல சர்வர் ரூம்களில் வழக்கம். இதில் சோதிக்கப்படுவது இன்ஜின் மட்டுமே. கரண்ட் போனதைப் பேனல் உணர்ந்ததா, லோடு மாறியதா, யூபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்றதா, ஏசி திரும்ப ஓடியதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஐப்பசி அடைமழையில் சர்வர் படுப்பது இந்த இடங்களில்தான்.

15 கேவிஏ ஜென்செட், ஏஎம்எஃப் பேனல் (கரண்ட் போனதும் தானாக ஜென்செட்டைக் கிளப்பி லோடை மாற்றும் பெட்டி), 6 கேவிஏ யூபிஎஸ், 16 பேட்டரி, இரண்டு 1.5 டன் ஏசி உள்ள அறையை மனதில் வைத்து எழுதுகிறேன். மல்டிமீட்டர் ஹெர்ட்ஸ் (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) காட்டுவதாக இருக்கட்டும். அது இல்லாத மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

படி 1: செல்ஃப் பேட்டரி

ஜென்செட் கிளம்பாததற்கு முதல் காரணம் இதுதான். சார்ஜரை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்றுங்கள்.

பேட்டரி புதிதாக இருந்தும் செல்ஃப் முனகினால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தலையிலும், மறுமுனையை அதே தலையில் மாட்டியிருக்கும் கிளாம்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் பூத்திருக்கும் உப்புதான் கரண்டைத் தின்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் இது சீக்கிரம் பூக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

படி 2: டீசல்

ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். பாதி லோடில் இந்த ஜென்செட் மணிக்கு 2 முதல் 2.5 லிட்டர் குடிக்கும். 60 லிட்டர் டேங்க் ஒரு நாளுக்குத்தான் வரும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை என்பதை வைத்துக் கையிருப்பைக் கணக்கிடுங்கள்.

படி 3: மெயின்ஸை நிஜமாகவே அணைப்பது

பலரும் தடுக்கி விழும் இடம் இது. டேட்டா பேக்கப் எடுத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈபி பக்கத்து மெயின் பிரேக்கரை இறக்குங்கள். ஜென்செட் கிளம்பி, பேனல் லோடை மாற்றியதும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் யூபிஎஸ் முன்னால் போய் நில்லுங்கள். அதில் இன்னும் ‘பேட்டரி’ விளக்கு எரிந்தால், ஜென்செட் வெளியே ஓடிக்கொண்டிருக்க, சர்வர் உள்ளே பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது. இருபது நிமிடத்தில் எல்லாம் அணையும்.

காரணம் ஹெர்ட்ஸ். மெக்கானிக்கல் கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) உள்ள சிறிய ஜென்செட் லோடு இல்லாதபோது 52-இல் சுற்றும், லோடு ஏற ஏற இறங்கும். யூபிஎஸ் ஏற்கும் எல்லை குறுகலாக இருந்தால் அந்தக் கரண்டை அது தொடாது. முதலில் மெக்கானிக்கை வைத்து, வழக்கமான லோடில் 50 வரும்படி கவர்னரைத் திருப்புங்கள். அதன்பின் யூபிஎஸ் மெனுவில் எல்லையை அகலப்படுத்துங்கள். சர்வர் பவர் சப்ளைகள் பொதுவாக 47 முதல் 63 ஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்பதால் பயம் வேண்டாம். கவர்னரைத் தொடாமல் மெனுவை மட்டும் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. அது நோயை விட்டுவிட்டு ஜுரத்துக்கு மட்டும் மருந்து கொடுப்பது.

இரண்டாவது காரணம் ஏசி. இரண்டு கம்ப்ரசரும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் சரிந்து, யூபிஎஸ் மறுபடி பேட்டரிக்குத் தாவும். முதல் ஏசிக்கு 2 நிமிடம், அடுத்ததற்கு 5 நிமிடம் என்று தாமதித்து ஓடவைக்கும் ஆன்-டிலே டைமர் போடுங்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓடாமல் ரிமோட்டுக்குக் காத்திருக்கும் ஏசியை சர்வர் ரூமில் வைக்கவே கூடாது.

படி 4: யூபிஎஸ் பேட்டரிகள்

16 பேட்டரியும் தொடராக இருப்பதால் ஒன்று செத்தாலும் மொத்தமும் படுக்கும். சார்ஜில் இருக்கும்போது எல்லாம் 13.5 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். பேட்டரியில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொன்றாக அளங்கள். மற்றவை 12 காட்டும்போது 10.5 காட்டுவதுதான் குற்றவாளி. மொத்த வரிசையில் 200 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், ஆகவே மாடிப்படிக்கு அடியில் புழுக்கத்தில் பேட்டரி ரேக் வைக்காதீர்கள்.

படி 5: தண்ணீர் மட்டம்

ஜென்செட்டை மேடையில் ஏற்றினால் மட்டும் போதாது. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டர் உயரத்தில் பத்திரமாக இருந்தது. டீசல் பம்பு இருந்த அடித்தளம் மூழ்கியது. ஆட்கள் வாளி வாளியாக 17 மாடிக்கு டீசல் சுமந்தார்கள். பம்பு, பேனல், செல்ஃப் பேட்டரி மூன்றும் கடந்த வெள்ளம் சுவரில் விட்ட கறைக்கு மேலே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் பேனல் ஸ்டார்ட் கொடுக்கவில்லை என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தை அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் ஜென்செட்டை மூடியிருக்கும் கேனபி கூண்டுக்குள் குடியேறும், கன்ட்ரோல் ஒயரைக் கடிக்கும்; கேபிள் நுழையும் ஓட்டைகளை இரும்பு வலை வைத்து அடையுங்கள். ஒயர் நன்றாக இருந்தால் கன்ட்ரோலரைப் பாருங்கள். சோதனை முடிந்து ‘மேனுவல்’ அல்லது ‘ஆஃப்’ நிலையிலேயே விட்டிருப்பார்கள். ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் ‘ஆட்டோ’ விளக்கு எரிவதைப் போனில் படம் எடுத்து, பொறுப்பாளருக்கு அனுப்பிய பிறகு நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.