கார்புரேட்டரைக் கழுவிய பின் மோட்டார் கிளம்பவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

பினாங்கில் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கப்சாய் மோட்டார்களை, அதாவது சிறிய மோட்டார் சைக்கிள்களை, பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது கண்ணில் படுவார்கள். நேற்றுவரை ஓடிய மோட்டார், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டியதும் கிளம்ப மறுத்தால், பழுது பெரும்பாலும் இன்று நம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ‘காயில்’ போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்க ஓடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, விடாமல் கிக்கரை உதைப்பது. கழுவி மாட்டிய கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணம் காலியாக இருக்கும். பெட்ரோல் குழாயைத் திறந்து, அது நிறையச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். பிறகும் கிளம்பாவிட்டால், தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாக வருகிறது, அல்லது தீப்பொறி இல்லை.

பிளக் காய்ந்திருக்கிறது, ஆனால் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் ஒழுகுகிறது என்றால், பைலட் ஜெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். இயந்திரம் கிளம்பவும் ஆக்சிலேட்டரை முறுக்காதபோது நின்றோடவும் தேவையான பெட்ரோல் இந்தத் துளை வழியாகவே வருகிறது; சிறிய மோட்டார்களில் அதன் அகலம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மேலே பளபளவென்று துடைத்துவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் பலர். மறக்காதவர்களிலும் சிலர் கம்பியை விட்டுக் குத்துகிறார்கள். நானும் ஒருமுறை கிளட்ச் கேபிளின் ஓர் இழையைப் பிரித்தெடுத்துக் குடைந்தேன்; அடைப்பு போனது, துளையும் பெரிதாகிவிட்டது, புதிய ஜெட் மாட்டும்வரை நின்றோடும்போதெல்லாம் பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பதே சரியான வழி. ஜெட் உட்காரும் பள்ளத்துக்குப் பின்னால் உள்ள காற்றுத் துளைகளிலும் அதேபோல் காற்றடிக்க வேண்டும்.

பிளக் நனைந்திருந்தால், கிண்ணத்துக்குள் பெட்ரோலின் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையைக் கவனியுங்கள். அதன் சிறு நாக்கு வளைந்தோ, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி சரியாக உட்காராமலோ போனால், பெட்ரோல் நிற்காமல் ஏறி வழியும். பழுதைச் சரிசெய்தபின் பெட்ரோல் குழாயை மூடி, சோக்கை விடுவித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்துச் சில முறை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். கழற்றிய பிளக்கில் தீப்பொறி சோதிப்பவர்கள் முதலில் சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பிளக் துளையிலிருந்து விலகி நின்று சோதிக்க வேண்டும்.

கேபிளோடு ஏறி இறங்கும் திராட்டில் உருளையைத் திருப்பி மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அதன் அடியில் சரிவாக வெட்டிய பக்கம் காற்று வடிகட்டியை நோக்கி இருக்க வேண்டும். பக்கம் மாற்றி மாட்டினால் உருளை முழுவதும் இறங்காது. தப்பித் தவறிக் கிளம்பினால் இயந்திரம் அலறும். நின்றோடும்போது கலக்கும் காற்றின் அளவைச் சரிசெய்யும் காற்றுத் திருகை எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணாமல் கழற்றியவர்கள், மெதுவாக முழுவதும் இறுக்கி, ஒன்றரைச் சுற்று தளர்த்தி அங்கிருந்து தொடங்கலாம். கிளீனர் பட்டு ஊதிப்போன ரப்பர் வளையத்தை மீண்டும் போட்டால், இயந்திரத்தோடு கார்புரேட்டர் சேருமிடத்தில் காற்றுக் கசியும்.

மோட்டாரையும் அன்றே தண்ணீர் பாய்ச்சிக் கழுவியிருந்தால், பிளக் தொப்பிக்குள் ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதற்குப் பிறகும் கிளம்பாமல் மோட்டார் பழுதுபார்க்கும் பொம்மெனிடம் தள்ளிக்கொண்டு போவதானால், எதையெல்லாம் கழற்றினீர்கள், திருகை எங்கே வைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திடீரென்று நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னால், அவரும் காயிலிலிருந்துதான் தேடத் தொடங்குவார்.