யாக்கோபு நிருபத்தை ஒரு மாசம் வாசிக்கிறது எப்படி

டிசம்பர் 31 ராத்திரி சர்ச் ஆராதனையில, புது வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்போம்ல, அதுல "உன்னை ஆசீர்வதிப்பேன்" மாதிரி வசனம்தான் வரும், "கூலியை ஒழுங்கா குடு"ன்னு ஒரு அட்டை யாருக்கும் வந்து நான் பாத்ததில்ல. அதனாலதான் பைபிள்ல புதிய ஏற்பாட்டுல இருக்கற யாக்கோபு நிருபத்தை, அதாவது அவர் பேர்ல இருக்கற கடிதத்தை, எடுங்கன்னு சொல்றேன். 5 அதிகாரம், 108 வசனம், அதுல "இதைச் செய், அதைச் செய்யாதே"ன்னு 50 கட்டளைக்கும் மேல இருக்கு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூத்தரே 1522ல இதை வைக்கோல் நிருபம்னு சொன்னாரு, கிரியை கிரியைன்னு (செயல், செயல்னு) பேசுதேன்னு அவருக்கு ஒப்பலை. பரவால்ல, நமக்கு அந்த வைக்கோல் வேணும்.

முதல் நாள் முழு நிருபத்தையும் ஒரே மூச்சுல சத்தமா வாசிச்சுருங்க, இருபது நிமிஷம் போதும். பழைய மொழிபெயர்ப்பு கஷ்டமா இருந்தா பக்கத்துல எளிய தமிழ்ல இருக்கற திருவிவிலியம் மொழிபெயர்ப்பை வச்சுக்கோங்க. கலர் பேனாவைத் தொடாதீங்க, கோடு போட்டவுடனே ஏதோ செஞ்சு முடிச்ச மாதிரி ஒரு திருப்தி வந்துரும், எனக்கு வரும்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு வசனம். இனிப்பா இருக்கறதை எடுக்காதீங்க, எதை வாசிக்கும்போது சட்டுன்னு அடுத்த வசனத்துக்குத் தாவணும்னு தோணுதோ அதை எடுங்க. இன்னொண்ணு, "இது அவருக்குன்னே எழுதினது"ன்னு வீட்டுக்காரர் மூஞ்சி ஞாபகம் வந்தா அது உங்க வசனம் இல்ல, விட்டுருங்க.

எனக்கு மாட்டினது 5:4 (அஞ்சாம் அதிகாரம், நாலாம் வசனம்). அறுத்த வேலைக்காரரோட கூலி அநியாயமாப் பிடிக்கப்பட்டு "கூக்குரலிடுகிறது"ன்னு வருது, வேலைக்காரர் கத்துறதைச் சொல்றதுக்கு முன்னாடியே அந்தக் கூலி கத்துதாம். எங்ககிட்ட வயலா இருக்கு, இது பண்ணையாருக்குன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா வீட்டு வேலைக்கு வர்ற அக்கா பையனுக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் வரல, நான் கணக்குப் பாத்து அந்த ரெண்டு நாள் காசைப் புடிச்சிருந்தேன், என் ஆபீஸ்ல எனக்கு சிக் லீவுக்கு சம்பளம் உண்டு!

இந்த இடத்துல நோட்டுல பக்கம் பக்கமா எழுத வேணாம், மூணே விஷயம் போதும், யாருக்கு, என்ன, என்னிக்கு. நான் எழுதினது "அக்கா, ரெண்டு நாள் காசு, நாளைக்குக் காலைல". தேதி போடலன்னா அது ஜெபக்குறிப்பாவே நின்னுரும். 2:16ல சாப்பாடு இல்லாதவன்கிட்ட "சமாதானத்தோடே போங்கள்"னு சொல்லி அனுப்புறான் பாருங்க, அந்த ஆள் நாமதான்.

செஞ்சதை சபையில சாட்சியா சொல்லாதீங்க (இங்க நான் சொல்லிட்டேன், உதாரணம் வேணுமே). எதிர்ல இருக்கறவங்க கண்கலங்கணும்னும் எதிர்பாக்காதீங்க. காசைக் குடுத்தப்ப அக்கா "எதுக்கு இது?"ன்னாங்க, சொன்னேன், எண்ணிப் பாத்து முந்தானைல முடிஞ்சுக்கிட்டு பாத்திரம் கழுவப் போயிட்டாங்க, அவ்ளோதான்.

ஒரு வாரத்துல முடியலன்னா அடுத்த வசனத்துக்கு ஓடாதீங்க, அதையே வச்சுக்கோங்க, மாசம் ரெண்டு மாசமானாலும் ஆகட்டும். எனக்கு 1:19, "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்", மூணாவது வாரமா ஓடிட்டிருக்கு, நேத்துகூட ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல நாத்தனார் போட்ட வாய்ஸ் மெசேஜை பாதி கேக்கறதுக்குள்ளயே பதில் டைப் பண்ணிட்டேன்.