ஞோக்கி உணவகத்தில் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞோக்கி என்ற இத்தாலிய உணவையும் பாஸ்தாவில் ஒரு வகையாக நினைத்து ஆர்டர் செய்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. மெனுவில் அது பாஸ்தா வரிசையில்தான் இருக்கும், சாஸும் அதே சாஸ்தான். ஆனால் இது வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, கொஞ்சமாக மைதா சேர்த்துப் பிசைந்து, சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொதிநீரில் போட்டு எடுப்பது. ஒரு கிலோ கிழங்குக்கு 250 முதல் 300 கிராம் மாவு என்பது பரவலான கணக்கு. உலர்ந்த பாஸ்தா வேகப் பத்து நிமிடம் ஆகும். புதிதாகப் பிடித்த ஞோக்கியோ இரண்டு மூன்று நிமிடத்தில் மேலே மிதந்துவிடும், உடனே எடுத்துவிட வேண்டும். அவ்வளவு மென்மையான பண்டம் தட்டிலும் காத்திருக்காது.

அதனால் பெரிய தவறு, தட்டு வந்த பிறகு தாமதிப்பது. மேசையில் மற்றவர்களுக்கும் வரட்டும் என்று பத்து நிமிடம் பொறுத்தால் துண்டுகள் சாஸை உறிஞ்சி ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூடு குறையக் குறைய மாவுச்சத்து இறுகும். சீஸ் சாஸாக இருந்தால் அதுவும் சேர்ந்து கெட்டியாகி, தட்டு முழுக்க ஒரே கட்டியாகிவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே "எல்லாத் தட்டும் ஒன்றாக வரட்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் பீட்சா, ஒருவர் ஞோக்கி என்றால் இது இன்னும் அவசியம். அப்படியும் உங்கள் தட்டு முதலில் வந்தால், கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். படம் எடுப்பதானால் ஒன்று போதும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சொரென்டோ பாணி என்று வருவது தக்காளி சாஸ், மொசரெல்லா, பேசில் இலை சேர்த்து அவனில் (oven) சுட்ட ஞோக்கி. அது வரும் பாத்திரமே கொதித்துக்கொண்டிருக்கும். உருகிய மொசரெல்லா வெளியே ஆறியதுபோலத் தெரிந்தாலும், அதன் அடியில் இருக்கும் சாஸ் நாக்கைச் சுட்டுவிடும். இதற்கு மூன்று நான்கு நிமிடம் விடத்தான் வேண்டும். அவனில் வைத்து எடுப்பதால் வருவதற்கும் சற்று நேரமாகும். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் இதைக் கேட்காதீர்கள்.

அடுத்தது, முதல் முறை போகும்போதே நான்கு சீஸ் சாஸையோ, கார்கன்சோலா என்ற காரமான நீலப் பூசண சீஸில் செய்த சாஸையோ தேர்ந்தெடுப்பது. சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கனத்த சாஸுக்குள் ஞோக்கி நன்றாக இருக்கிறதா என்பதே தெரியாது. ஒரு கடையின் கைப்பக்குவம் தெரிய வேண்டுமென்றால் வெண்ணெயும் சேஜ் என்ற மூலிகை இலையும் சேர்த்ததையோ, வெறும் தக்காளி சாஸில் வந்ததையோ கேளுங்கள். வந்ததும் ஒரு துண்டை முள்கரண்டியின் பக்கவாட்டால் அழுத்திப் பாருங்கள். லேசாக எதிர்த்துவிட்டு வெட்டுப்பட வேண்டும். வெட்டிய முகம் ஈரம் வடியாமல், ஒரே சீராக இருக்க வேண்டும். ரப்பர்போல எழும்பினால் மாவு கூடிவிட்டது, அல்லது அதிகம் பிசைந்து கோதுமைப் புரதமான குளூட்டன் இறுகிவிட்டது. பசைபோல இழுபட்டால் கிழங்கில் நீர் மிகுதி, அல்லது கொதிநீரில் கூடுதல் நேரம் கிடந்திருக்கிறது. மேலே வரிவரியாகக் கோடு இல்லையே என்று குறைப்பட வேண்டாம். சாஸ் பற்றிக்கொள்ளத்தான் அந்தக் கோடுகள். கோடு போடாமல் செய்யும் நல்ல கடைகளும் உண்டு.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். ரோம் பாணி ஞோக்கியில் கிழங்கே கிடையாது. ரவையைப் பாலில் கிளறி, முட்டை மஞ்சள்கரு, வெண்ணெய், சீஸ் சேர்த்து ஆறவைத்து, வட்டமாக வெட்டி அவனில் சுடுவார்கள். ரிக்கோட்டா சீஸில் பிடிக்கும் வகை வேறு. அது கிழங்கு ஞோக்கியைவிட லேசாக இருக்கும். "இது கிழங்கா, ரவையா, ரிக்கோட்டாவா?" என்று பரிமாறுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். "உருளைக்கிழங்குதானே, குளூட்டன் இருக்காது" என்ற எண்ணம் ஆபத்தானது. வழக்கமான ஞோக்கியில் கோதுமை மாவு உண்டு. அரிசி மாவில் செய்தோம் என்று சொன்னாலும், பாஸ்தா வெந்த அதே தண்ணீரில் போட்டார்களா என்பதைக் கேட்க வேண்டும். பல கடைகளில் பிசையும்போது முட்டையும் சேர்ப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்காமல் விடுவது சீஸை. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற நொதி கொண்டுதான் உறையவைக்கிறார்கள். செம்மறிப்பால் சீஸான பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். இறைச்சி கண்ணில் படாததால் நான்கு சீஸ் சாஸ் சைவம்போலத் தெரியும். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸிலும் பெரும்பாலும் இதுபோன்ற சீஸ்கள் இருக்கும். பைன் கொட்டையும் சேர்வதால் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. ராகு என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சேர்ந்த சாஸ். இவற்றையெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். தட்டு வந்த பிறகு கேட்டால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது.

அளவிலும் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு ஆளுக்குப் பச்சையாக 150 முதல் 200 கிராம் ஞோக்கி போதும். தட்டில் பார்க்கக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் கிழங்கு, மாவு, சீஸ் மூன்றும் ஒன்றாக இறங்கும்போது வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். முதலில் ரொட்டிக்கூடையைக் காலி செய்து, மேலே புருஸ்கெட்டாவும் (சுட்ட ரொட்டித் துண்டின்மேல் தக்காளி போன்றவை வைத்தது) சாப்பிட்டால் பாதித் தட்டு மிஞ்சிவிடும். இரண்டு பேர் போனால் ஒன்று கனத்த சாஸில், ஒன்று தக்காளி சாஸில், நடுவில் ஒரு சாலட் என்று பகிர்ந்துகொள்வது சரியாக இருக்கும். ரொட்டியில் ஒரு துண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் தங்கிய சாஸை வழித்துச் சாப்பிடலாம். சாதாரண உணவகத்தில் அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. கத்தி தேவையே இல்லை, முள்கரண்டி போதும். துருவிய சீஸ் கொண்டுவந்தால் முதலில் ஒரு வாய் ருசித்துவிட்டுத் தூவுங்கள். மீன், இறால் சேர்ந்த சாஸுக்கு இத்தாலியில் பொதுவாகச் சீஸ் போடுவதில்லை; அதன் உப்பும் வாசமும் கடலுணவின் மென்மையான ருசியை அமுக்கிவிடும்.

இத்தாலிக்கே போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ரோமில் வியாழக்கிழமை ஞோக்கி சாப்பிடுவது பழைய வழக்கம். சில பழைய பாணி உணவகங்களில் அன்று மட்டுமே அது கிடைக்கும். இன்னொன்று, பல ஊர்களில் பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று கோப்பெர்த்தோ சேரும். அது மேசைக் கட்டணம். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிக்க வேண்டாம், மெனுவிலேயே போட்டிருப்பார்கள்.

பார்சல் வாங்குவதைக் கூடியவரை தவிருங்கள். மூடிய டப்பாவுக்குள் ஆவியிலேயே ஞோக்கி மேலும் வெந்து குழைந்துவிடும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் அவனில் சுட்ட வகைகள் ஓரளவு தாங்கும், அல்லது சாஸைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். மிஞ்சியதை மைக்ரோவேவில் வைத்தால் சவசவவென்று ஆகும். அகலமான வாணலியில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரப்பி, மிதமான தீயில் வையுங்கள். ஒட்டுகிறதே என்று உடனே கிளற வேண்டாம், அடிப்பக்கம் பொன்னிறமானதும் தானாக விடும். அப்போது ஒருமுறை புரட்டிவிட்டு இறக்கிவிடலாம்.